கஷாயச் சட்டிக்குள் என்ன நடக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் ஏழு, ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. சீன மூலிகை மருந்துகளை ஆய்வகத்தில் எப்படிப் பகுத்துப் பார்க்கிறார்கள்? அதில் என்ன தெரியும், என்ன தெரியாது? ஹாங்காங்கில் ஓர் ஆய்வகத்தில் ஆறு ஆண்டுகள் நான் செய்தது இந்த வேலைதான் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். என் மனசுக்கு மிகவும் நெருக்கமான வேலை அது. அதனால் இந்தப் பக்கங்கள் முழுவதும் அதற்கே.

கேள்வி: அம்மா, நான் செங்டு நகரில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே ஒரு சீன மருத்துவர் பத்து மூலிகைகள் சேர்ந்த மருந்துச்சீட்டு எழுதுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு மூலிகையிலும் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்குமே. அந்தக் கஷாயத்தில் என்ன இருக்கிறது என்று எங்கிருந்து தொடங்கிக் கண்டுபிடிப்பீர்கள்?

பதில்: தம்பி, கருவியிலிருந்து தொடங்குவதில்லை. பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டி, துண்டுகளை இனம் பிரித்து ஒதுக்குவதில் தொடங்குவோம். நிறம், முறித்த இடத்தில் தெரியும் நார், வாசனை, உருப்பெருக்கியில் தெரியும் வளையங்கள். சீட்டில் எழுதிய செடிதானா இது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அடுத்த படிக்குப் போனால், தப்பான செடியை மிகத் துல்லியமாக அளந்துகொண்டிருப்போம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த ஆய்வாளர் முதல் மூன்று வாரம் என்னைக் கருவி அறைக்குள் விடவே இல்லை. வேர்த் துண்டுகளைப் பார்த்துப் பெயர் சொல்ல வைத்தார். அந்த மூன்று வாரத்துக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அடுத்தது கஷாயம் வைப்பது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஆய்வகத்தில் மெத்தனாலில் ஊறவைத்தால் செடியிலிருக்கும் பெரும்பாலான சேர்மங்கள் சுலபமாக இறங்கிவிடும். வேலையும் சீக்கிரம் முடியும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஆனால் நோயாளி குடிப்பது மெத்தனாலை அல்லவே. அவர் வீட்டில் மண்சட்டியில் அரைமணி நேரம் ஊறவைத்து, இரண்டு முறை கொதிக்கவைத்து, இரண்டு தண்ணீரையும் சேர்த்து வடிகட்டிக் குடிக்கிறார். மெத்தனால் சாறு செடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும். கோப்பையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவர் செய்தபடியே நாமும் செய்ய வேண்டும்.

வடிகட்டிய கஷாயத்தில் ஒரு துளியை, சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவிக்குள் செலுத்துவோம். உள்ளே மிக நுண்ணிய சிலிக்கா மணிகள் நிரப்பிய எஃகுக் குழாய் ஒன்று உண்டு. தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும் கலந்த கரைப்பான் அழுத்தத்தோடு அதன் வழியே ஓடும். தண்ணீரோடு ஒட்டும் சேர்மங்கள் முதலில் வெளியே வரும், எண்ணெய்த்தன்மை உள்ளவை மணிகளைப் பிடித்துக்கொண்டு பிந்தி வரும். ஒவ்வொன்றும் வெளியேறும்போது திரையில் ஒரு பீக், அதாவது ஒரு முகடு, எழும். ஒரு மணி நேரம் ஓடி முடிந்தால் மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு கிடைக்கும். அதுதான் அந்தக் கஷாயத்தின் கைரேகை. அப்படித்தான் சீனாவிலும் சொல்கிறார்கள். மூலிகை ஊசிமருந்துகளுக்கு இந்தக் கைரேகை வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே அங்கே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லா பீக்குகளுக்கும் பெயர் தெரியாவிட்டாலும், ஒரு தடவை தயாரித்த மருந்துத் தொகுதியின் கைரேகை நல்ல தொகுதியின் கைரேகையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட முடியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். திரையில் பீக் இல்லையென்றால் சேர்மம் இல்லை என்று அர்த்தமில்லை. வழக்கமான உணர்வி 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை எந்தச் சேர்மம் விழுங்குகிறது என்று பார்க்கும். விழுங்காதது அதன் கண்ணில் படாது. ஹுவாங்சீ வேரில் முக்கியமானதாகக் கருதப்படும் ஆஸ்ட்ராகலோசைடு-4 அப்படிப்பட்டது. என் முதல் அறிக்கையில் அது இந்தச் சாம்பிளில் இல்லை என்று எழுதிவிட்டேன். மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் அதே சாம்பிளை, கரைப்பானை ஆவியாக்கி மிஞ்சும் துகள்களில் ஒளி சிதறுவதை அளக்கும் வேறொரு உணர்வியில் ஓட்டிக் காட்டினார். நடுவில் அழகாக நின்றது அந்த பீக். அன்றிலிருந்து ‘இல்லை’ என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எந்த உணர்வியில் பார்த்தோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

கேள்வி: மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சீனர்கள் பயன்படுத்தும் ஃபூட்ஸி என்பது நம் வசநாபியின் உறவு என்று படித்தேன். கொடிய விஷமாயிற்றே. அதை எப்படி மருந்தாகக் கொடுக்கிறார்கள்?

பதில்: ஐயா, நீங்கள் படித்தது சரி. அகோனைட் குடும்பம்தான். சிச்சுவான் மாகாணத்து ஜியாங்யோ பகுதியில் விளையும் ஃபூட்ஸிக்குத்தான் சீனாவில் பெரிய பேர். பச்சைக் கிழங்கில் அகோனிட்டின் இருக்கிறது. இரண்டு மில்லிகிராம் அளவே உயிரைப் பறிக்கக்கூடும். நரம்பிலும் இதயத்திலும் உள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். நாக்கு மரத்துப்போவதில் தொடங்கி இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும்.

ஆனால் அந்த மூலக்கூறுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் விஷம் பெருமளவு, அசிட்டைல், பென்சாயில் என்ற இரண்டு பகுதிகளை அதோடு கோர்க்கும் இரண்டு எஸ்டர் பிணைப்புகளைச் சார்ந்தது. தண்ணீரில் நேரம் எடுத்துக் கொதித்தால் முதலில் அசிட்டைல் பகுதி கழன்றுவிடும். அப்போது கிடைப்பது பென்சாயில் அகோனின். விஷம் ஏறத்தாழ 200-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இன்னும் கொதித்தால் பென்சாயில் பகுதியும் கழன்று அகோனின் ஆகும், அது இன்னும் சாது. மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆரம்பத்தில் 646 என்ற எடையில் உயரமாக நிற்கும் அகோனிட்டின் பீக் நேரம் ஆக ஆகத் தாழும், பென்சாயில் அகோனினின் 604 எழும், அப்புறம் அகோனினின் 500 தலைகாட்டும். எத்தனையோ சாம்பிள்கள் பார்த்தாயிற்று, இந்த மூன்று எண்களும் இடம் மாறுவதைப் பார்க்கும்போது இப்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

ஸீநீ தாங் என்ற பழைய மருந்து ஃபூட்ஸி, சுக்கு, அதிமதுரம் மூன்றும் சேர்ந்தது. ‘தாங்’ என்றால் கஷாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். கி.பி. 200 வாக்கில் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ஷாங்ஹான் லுன் நூலில் இருக்கிறது. மூன்று ஷெங் (பழைய சீன அளவை) தண்ணீரை ஒரு ஷெங்குக்குச் சற்று மேலாகக் குறுக்கச் சொல்கிறது அந்த நூல். பாதிக்கும் கீழே வற்ற வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அவருக்கு எஸ்டர் பிணைப்பு பற்றித் தெரியாது. ஆனால் சட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது.

இன்று கடைக்கு வரும் ஃபூட்ஸி ஏற்கெனவே உப்புநீரில் ஊறி, வெந்து, சீவப்பட்டுத்தான் வருகிறது. அப்படியும் அதை மட்டும் தனியாக முன்கூட்டியே கொதிக்கவைத்து, அப்புறம்தான் மற்றவற்றைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் சீன மருந்தியல் தொகுப்பு இதற்கு வைத்திருக்கும் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு எஸ்டர் உள்ளவை இந்த அளவைத் தாண்டக்கூடாது என்று ஒரு உச்சவரம்பு, ஒரு எஸ்டர் உள்ளவை இந்த அளவுக்குக் குறையக்கூடாது என்று ஒரு கீழ்வரம்பு. விஷமும் இருக்கக்கூடாது, வேகவைத்து வேகவைத்து வெறும் சக்கையாகவும் ஆகிவிடக்கூடாது. இரண்டையும் ஒரே சோதனையில் பிடித்துவிடுகிறார்கள்.

அவசரத்தில் சரியாகக் கொதிக்கவைக்காமல் குடித்து மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி 1990-களிலேயே ஹாங்காங் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் யாரும் இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கல்லூரி ஆசிரியை நான். மூலிகை மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாது என்று மாணவிகள் உறுதியாக நம்புகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஓர் உண்மைச் சம்பவம் வேண்டும்.

பதில்: பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் சிகிச்சை மையம் ஒன்றில் 1990-ல் இரண்டு சீன மூலிகைப் பொடிகளை மாத்திரைகளில் சேர்க்க ஆரம்பித்தார்கள். அதில் ஒன்று ஹான்ஃபாங்ஜி என்ற வேர். சில மாதங்களில், அதுவரை ஆரோக்கியமாக இருந்த பெண்களின் சிறுநீரகம் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தது. மருத்துவர்கள் 1993-ல் இதை வெளியிட்டார்கள். பிறகு வேதியியலாளர்கள் பொடியைப் பகுத்துப் பார்த்தார்கள். ஹான்ஃபாங்ஜி என்றால் டெட்ராண்ட்ரின் இருக்க வேண்டும். பெரும்பாலான பொட்டலங்களில் அது இல்லை. அதன் இடத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது.

நடந்தது இதுதான். குவாங்ஃபாங்ஜி என்று இன்னொரு வேர் உண்டு. பெயரில் பாதி ஒன்று, சீவி உலர்த்தினால் தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அது அரிஸ்டோலோக்கியா இனம், முற்றிலும் வேறு குடும்பம். ஒரு மூட்டைக்குப் பதில் இன்னொரு மூட்டை போயிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். சிறுநீரகத்தை இழந்ததோடும் முடியவில்லை. முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்கு அந்த இடத்தில் புற்றுநோய் இருந்ததாக 2000-ல் அறிக்கை வந்தது. அந்த அமிலம் உடலுக்குள் மாறி டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்கிறது. மருந்தை நிறுத்திய பிறகும் அந்தத் தழும்பு போவதில்லை.

சீனாவுக்குள்ளும் இதே மாதிரிப் பெயர்க் குழப்பம் இருந்தது. மூதோங் என்ற தண்டுக்குப் பதிலாக குவான்மூதோங் என்ற அரிஸ்டோலோக்கியா தண்டு பல மருந்துகளில் புழங்கிவந்தது. 2003-ல் அதன் தரநிர்ணயத்தை ரத்து செய்தார்கள். 2005-ஆம் ஆண்டு மருந்தியல் தொகுப்பில் குவான்மூதோங், குவாங்ஃபாங்ஜி இரண்டும் இல்லை.

இந்தச் சம்பவத்தில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. மெல்லிய படலத்தில் ஒரு சொட்டு வைத்து ஓட்டிப் பார்க்கும் எளிய சோதனையே போதும், இரண்டு வேரும் வேறு என்று தெரிந்திருக்கும். ஒரு மணி நேர வேலை. பொடியாக அரைத்த பிறகு கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, அப்போதுதான் வேதியியல் மிகவும் தேவை. அந்த இடத்தில் யாரும் அதைச் செய்யவில்லை.

கேள்வி: என் அக்காவுக்கு மூட்டுவலி. தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ‘முழுக்க மூலிகை’ சீன மாத்திரையைச் சாப்பிட்ட இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. தொடர்ந்து சாப்பிடலாமா?

பதில்: இரண்டே நாள் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது, அம்மா. மூலிகை என்று விற்கப்படும் வலி மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளைக் கலந்துவிடுவது பல நாடுகளில் பிடிபட்ட பழைய வேலை. எடை குறைப்பு மாத்திரை என்றால் சிபுட்ரமின், சர்க்கரை மாத்திரை என்றால் கிளிபென்கிளமைடு. செடி எதுவும் இவற்றைத் தயாரிப்பதில்லை. யாரோ அளந்து கொட்டியிருக்கிறார்கள்.

பி.சி.-ஸ்பெஸ் என்று ஒரு மருந்து அமெரிக்காவில் விற்றது. எட்டு மூலிகைகள், பெரும்பாலும் சீன மருத்துவத்திலிருந்து எடுத்தவை. புராஸ்டேட் புற்றுநோயாளிகள் நம்பிக்கையோடு சாப்பிட்டார்கள், முறையான மருத்துவ ஆய்வுகள்கூட நடந்தன. 2002-ல் அதில் வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து இருப்பது தெரிந்து சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. வெவ்வேறு ஆண்டுத் தொகுதிகளைப் பகுத்துப் பார்த்தபோது செயற்கைப் பெண்மை ஹார்மோன் டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ராலும் இண்டோமெத்தசினும் கிடைத்தன. நோயாளிகளுக்குத் தெரிந்த பலன் எதனால் வந்தது என்று பிறகு எப்படிப் பிரித்துச் சொல்வது? அத்தனை பேரின் நம்பிக்கையும் வீணானது.

அக்காவின் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் எதுவும் சொல்லக்கூடாது. ஆனால் மாத்திரையையும் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று தானாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டாக இருந்தால் திடீர் நிறுத்தமே ஆபத்து. அதை மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

கேள்வி: சீன மருந்துகளில் சாதிலிங்கமும் மனோசிலையும் சேர்ப்பார்களாமே. பாதரசமும் ஆர்சனிக்கும் அளவுக்கு மேல் என்று அறிக்கை வந்தால் என்ன அர்த்தம்?

பதில்: மொத்த அளவு மட்டும் போதாது, எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாதிலிங்கம் பாதரச சல்ஃபைடு. தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. மெத்தில் பாதரசம் அப்படியல்ல, உடலுக்குள் சுலபமாகப் போய்விடும். இரண்டும், உலோகங்களின் மொத்த அளவைக் காட்டும் ஐ.சி.பி. கருவியில் ‘பாதரசம்’ என்று ஒரே எண்ணாகத்தான் வரும். அதற்காக சாதிலிங்கம் பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை. சூடாக்கினால் பாதரச ஆவி கிளம்பும். அதனால்தான் சீன மருத்துவத்திலும் அதைக் கஷாயத்தில் போட்டுக் கொதிக்கவைக்க மாட்டார்கள்.

கேள்வி: பாய்ஷாவ் என்ற வெள்ளைப் பியோனி வேரை வாங்கும்போது பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைத்தான் கடைக்காரர்கள் உயர்ந்தது என்று கொடுக்கிறார்கள். உண்மையா?

பதில்: எனக்கு அந்த வெள்ளையைப் பார்த்தாலே சந்தேகம் வரும். பூச்சி அரிக்காமல் இருக்கவும் நிறம் கறுக்காமல் இருக்கவும் கந்தகப் புகை காட்டும் வழக்கம் சீனாவில் நெடுநாளாக உண்டு. பாய்ஷாவின் முக்கியச் சேர்மம் பியோனிஃப்ளோரின், மூலக்கூறு எடை 480. புகை பட்டதும் அதில் ஒரு பகுதி சல்ஃபோனேட்டாக மாறிவிடும், எடை 544. வித்தியாசம் 64, அதாவது கந்தக டை ஆக்சைடு அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது. கழுவினால் கந்தக வாசனை போய்விடும், 544 போகாது. நான் பார்த்த மிக அழகான வெள்ளைத் துண்டு ஒன்றில் 544-ன் பீக் 480-ஐவிட உயரமாக இருந்தது. வேரின் பெயர்தான் மிச்சம், உள்ளே இருந்தது வேறு பொருள். சீனத் தொகுப்பின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு பாய்ஷாவுக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு வரை அனுமதித்தது. பெரும்பாலான மற்ற மூலிகைகளுக்கு 150 தான். லேசான பழுப்பு படிந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சீன விஞ்ஞானி தூ யூயூ மலேரியாவுக்கு ஒரே ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்துத்தானே 2015-ல் நோபல் பரிசு பெற்றார்? அப்படியானால் பல மூலிகைக் கலவை எதற்கு? அந்த ஒரு சேர்மத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடலாமே.

பதில்: நல்ல கேள்வி. பதில் மருந்துக்கு மருந்து மாறும்.

மலேரியாவுக்கு ஒரு சேர்மம் போதுமாக இருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடித்த விதத்தைப் பாருங்கள். 1967 மே 23-ல் தொடங்கியதால் திட்டம் 523 என்று பெயர் பெற்ற ரகசிய ஆராய்ச்சி அது. சிங்ஹாவ் செடியின் சாறு ஒரு முறை வேலை செய்தது, மறு முறை செய்யவில்லை. கெ ஹோங் என்பவர் நான்காம் நூற்றாண்டில் எழுதிய நூலில், ஒரு கைப்பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, சாற்றைக் குடி என்று இருக்கிறது. கொதிக்கவை என்று இல்லை. தூ யூயூவுக்கு அங்கேதான் பொறி தட்டியது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று, ஏறத்தாழ 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரில் சாறு எடுத்தார். 1971 அக்டோபர் 4-ல், 191-ஆம் சாம்பிள் எலிகளின் மலேரியாவை முழுக்க ஒழித்தது. அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சேர்மம்தான் ஆர்ட்டெமிசினின். அதற்குள் இருக்கும் பெராக்சைடு பாலம்தான் மருந்தே. ஃபூட்ஸியைக் கொதிக்கவைத்தால்தான் மருந்து, சிங்ஹாவில் சூட்டைக் குறைத்தபோதுதான் மருந்து கிடைத்தது. ஒரே விதியை எல்லாச் சட்டிக்கும் போட முடியாது.

இன்னொரு பக்கம், 1247-ல் லி டோங்யுவான் எழுதிய ஒரு மருந்து உண்டு. ஹுவாங்சீ ஐந்து பங்கு, டாங்குய் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல விகிதங்களில் கஷாயம் வைத்துப் பார்த்தார்கள். ஆஸ்ட்ராகலோசைடு-4, ஃபெருலிக் அமிலம் ஆகியவை அந்த ஐந்துக்கு ஒன்றில்தான் மிகுதியாக இறங்கின. ஒரு வேர் இன்னொரு வேரின் சாறு இறங்குவதை மாற்றுகிறது. தனித்தனியாகக் காய்ச்சிக் கடைசியில் கலந்தால் அதே மருந்து கிடைக்கும் என்று நம்பக்கூடாது என்பதற்காக இதை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

மூன்றாவதாக, ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கான சீன மருந்து. மனோசிலை, நீலச்சாயப் பொடி, டான்ஷென் வேர் ஆகியவை இதில் முக்கியம். சென் ஜூவும் சக ஆய்வாளர்களும் 2008-ல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆர்சனிக் சல்ஃபைடு, இண்டிருபின், டான்ஷினோன்-2ஏ என்று ஒவ்வொன்றின் முக்கியச் சேர்மத்தை மட்டும் எடுத்துத் தனியாகவும் சேர்த்தும் கொடுத்தார்கள். நோய்க்குக் காரணமான புரதத்தை உடைப்பது ஆர்சனிக். மற்ற இரண்டும் செல் சவ்வில் ஆர்சனிக் நுழையும் வாயில்களை அதிகமாக்கி, அது கூடுதலாக உள்ளே போக வழி செய்தன. மூன்றும் சேர்ந்தபோது கிடைத்த பலன் தனித்தனியாகக் கிடைக்கவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் தள்ளியிருந்தால் அந்த வாயில்களைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

எல்லாக் கலவையும் இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்த்தவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

செங்டு தம்பி கடிதத்தின் கடைசியில் செயல்திட்டத்துக்கு ஒரு யோசனையும் கேட்டிருந்தார். ஸீநீ தாங் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. பத்து நிமிடம், அரைமணி, ஒரு மணி, இரண்டு மணி என்று நான்கு சாம்பிள் எடுங்கள். 646, 604, 500 மூன்றையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொடங்க வேண்டாம், கையுறை போடாமல் கிழங்கைத் தொட வேண்டாம். வரைபடத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.